ஏழாம் நம்பர் நடை

1981-ஆம் ஆண்டு ஜூலை மாதம். மழை இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று டில்லியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஜலஜா யாரும் தன்னிடம் கேட்காத ஒரு காரியத்துக்குத் தானாகவே பெயர் கொடுத்தாள். நடப்பவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தேவநேசனிடம் போய்ச் சொன்னாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு தன் கண் கீழே போகாமல் இருக்க அவர் பட்ட பாடு அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஜலஜாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மூன்று வயதில் வந்த போலியோ இடது காலை இளைக்க வைத்துவிட்டுப் போயிருந்தது. தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு இரும்புக் கம்பிகளும் தோல் பட்டைகளுமாக ஒரு காலிப்பர் மாட்டியிருந்தாள். அதன் முழங்காலில் ஒரு பூட்டு. உட்காரும்போது பூட்டை விடுவித்துக் காலை மடக்குவாள். எழுந்ததும் மறுபடி பூட்டிக்கொள்வாள். பூட்டிய கால் மடங்காது. அதைத் தரையிலிருந்து கிளப்பி முன்னால் வைக்க, அடிக்கு ஒரு தரம் உடம்பு முழுவதும் ஒரு பக்கமாக எம்ப வேண்டும். காலிப்பரைப் புடவை மறைத்துவிடும். எம்பலை மறைக்க எந்தத் துணியும் கிடையாது.

கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில், மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்த அண்ணா வைத்தியின் வீட்டில் அவள் இருந்தாள். காலையில் அண்ணா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுப் போவார். மாலையில் பஸ். வேலை, தெற்கு டில்லியில் ஒரு பொறியியல் கல்விக்கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில். அந்த நாளில் கம்ப்யூட்டருக்கு எதைச் சொல்வதாக இருந்தாலும் அட்டைகளில் துளையிட்டுத்தான் சொல்ல வேண்டும். பேராசிரியர்கள் தாளில் எழுதிக் கொடுப்பதை எல்லாம் துளை போடும் இயந்திரத்தில் அடித்து, கார்டு கட்டுகளாக ரப்பர் பாண்டு போட்டுத் திருப்பிக் கொடுப்பது ஜலஜாவின் உத்தியோகம். நாலு வருஷமாக இதைச் செய்கிறாள். அவள் அடித்த கட்டில் பிழை இருந்து திரும்பி வந்தது மிக அபூர்வம்.

தேவநேசன் அங்கே விரிவுரையாளர். திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துப் பக்கம் ஊர். இப்போது ஜனக்புரியில் குடித்தனம். கம்ப்யூட்டருக்குக் கண் வைக்கிற வாத்தியார் என்று மையத்தில் அவரைப் பற்றிக் கேலியாகச் சொல்வார்கள். அசைகிற ஒரு படத்தைக் கொடுத்தால், இதில் இருப்பது ஒரு மனிதன், அவன் நடந்துகொண்டிருக்கிறான் என்று கம்ப்யூட்டர் தானாகவே சொல்ல முடியுமா? இதுதான் அவருடைய ஆராய்ச்சி. முழுப் படத்தை விழுங்கும் வயிறு அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குக் கிடையாது. ஆகவே அவர் மனிதனையே ஒன்பது புள்ளிகளாகக் குறைத்துவிட்டார். தலை, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, இரண்டு முழங்கால், இரண்டு கணுக்கால் என்று ஒன்பது இடத்தில் டார்ச் பல்புகளைக் கட்டி, ஆளுக்குக் கறுப்பு உடை போட்டு, கறுப்புத் துணியால் ஜன்னல்களை மூடிய அறையில் நடக்கவிட்டு, சினிமா காமிராவால் பக்கவாட்டில் படம் எடுப்பார். படத்தில் ஆள் தெரியமாட்டான். ஒன்பது வெளிச்சப் புள்ளிகள் மட்டும் தெரியும்.

மாணவர்கள் ஐந்து பேர் நடந்தார்கள். ஆறாவதாகத் தேவநேசனே நடந்தார். அந்தப் படங்களைச் சுவரில் கட்டம்போட்ட தாளின்மேல் ஒவ்வொன்றாக விழச் செய்து, புள்ளிகள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று குறித்து எண்ணாக்க வேண்டும். அந்த எண்களை அடிக்கப்போவது ஜலஜா என்பதால், என்ன அடிக்கிறோம் என்று தெரிந்திருக்கட்டும் என்று ஒருநாள் மதியம் அவளையும் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்.

முதலில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார். சுவரில் தாறுமாறாக ஒன்பது புள்ளிகள்; கோலப் பொடியைக் கை தவறிச் சிந்தினாற்போல் இருந்தது. பிறகு ஓட்டினார். ஒரு நொடி ஆகவில்லை, சுவரில் ஒரு மனிதன் கைவீசி நடந்து போனான். முகம் இல்லை, சட்டை இல்லை, உடம்பே இல்லை. ஆனால் மனிதன்தான், சந்தேகமில்லை. ஜலஜா மூன்று தரம் போட்டுக் காட்டச் சொன்னாள்.

இரண்டு நாள் அந்தப் புள்ளிகள் அவளை விடவில்லை. சமையலறையில் அண்ணாவின் மனைவியான மன்னிக்குக் கொத்தமல்லி ஆய்ந்துகொடுக்கும்போதும் அதே நினைவு. தன்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் காலைப் பார்க்கிறார்கள், பிறகு முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு பரிதாபத்தோடு வேறெங்கோ பார்க்கிறார்கள். அந்த இருட்டு அறையில் இரும்பு தெரியாது, தோல் பட்டை தெரியாது. வெளிச்சம் மட்டும் தெரியும். தான் எப்படி நடக்கிறோம் என்று அவளே இருபத்தைந்து வருஷத்தில் பார்த்ததில்லை. ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை போய்ப் பெயர் கொடுத்தாள்.

தேவநேசன் யோசித்துவிட்டு, நிச்சயமாக என்றார். கறுப்பு உடை ஒன்றுதான் வேண்டும், புடவை சரிப்படாது என்றார்.

வீட்டில் அண்ணாவிடம் அவள் சொல்லவில்லை. இருட்டு அறை, காமிரா என்று தொடங்கினாலே அவர் மேலே கேட்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். மன்னி ருக்மிணியிடம் மட்டும் சொன்னாள். மன்னி ஒன்றும் கேட்காமல் கறுப்புப் பாவாடைத் துணியை எடுத்து, காலிப்பருக்கு மேல் போட்டுக்கொள்ளத் தோதாக இடது கால் மட்டும் அகலமாக வைத்து ஒரு பைஜாமா தைத்துக் கொடுத்தாள். அதைக் கொடுக்கும்போது, உங்க அண்ணாவுக்கு இதெல்லாம் புரியாது, நிதானமாச் சொல்லிக்கலாம் என்று சொன்னாளாம்.

மற்றவர்கள் இரண்டு நொடியில் கடந்த தூரத்தை ஜலஜா மூன்று நொடியில் கடந்தாள். நொடிக்கு இருபத்து நாலு படம். ஆக, மற்றவர்களுக்கு நாற்பத்தெட்டு கார்டு, அவளுக்கு எழுபத்திரண்டு. ஒரு படத்துக்கு ஒரு கார்டு. ஒன்பது புள்ளிக்குப் பதினெட்டு எண், எண்ணுக்கு நாலு இடம், ஆள் நம்பரும் பட நம்பரும் போட எட்டு இடம் என்று கார்டின் எண்பது இடமும் கச்சிதமாக நிரம்பும். எந்தப் புள்ளி முழங்கால், எது மணிக்கட்டு என்று கார்டில் எழுதுவதில்லை. கண்டுபிடிக்க வேண்டியது கம்ப்யூட்டர் ஆயிற்றே. அதனால் ஒவ்வோர் ஆளுக்கும் புள்ளிகளின் வரிசையைத் தேவநேசன் வேண்டுமென்றே மாற்றிக் கலைத்து வைத்திருந்தார்.

படம் கழுவி வந்ததும் அவள் தன் நடையைப் பார்த்தாள். மற்ற ஆறு பேரும் சமவெளியில் போனார்கள் என்றால், இவள் அலைமேல் போவதுபோல் இருந்தது. தோள் புள்ளி உயர்ந்து இறங்கியது. இடது காலின் புள்ளிகள் ஒரு வளையமாகச் சுற்றி முன்னால் வந்து விழுந்தன. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் பயந்ததுபோல அவலமாகவும் இல்லை. யாரோ ஒருத்தி எங்கோ முக்கியமான இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

ஏழு கட்டையும் கம்ப்யூட்டரில் கொடுத்தார்கள். மறுநாள் அச்சடித்த தாள் வந்தது. முதல் ஆறு பேருக்கும் எதிரே, நடை என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தது. ஏழுக்கு எதிரே, நடை இல்லை என்று இருந்தது. ஜலஜாவுக்கு முன்னாலேயே தாளைப் பிரித்துவிட்ட தேவநேசன் அதை அவசரமாக மடித்தார். அவள் அதற்குள் படித்துவிட்டாள். தன் இயந்திரத்துக்குப் போய் வேறொருவருடைய கட்டை அடிக்க ஆரம்பித்தாள். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல், வீடு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

பத்து நாள் கழித்து, முழு ஆராய்ச்சியையும் மறுபடி ஓட்டத் தேவநேசன் கட்டுகளை அனுப்பினார். கார்டுகளைக் கையில் எடுத்தபோதே ஜலஜாவுக்குத் தெரிந்துவிட்டது. நாலு வருஷம் கார்டு பிடித்த கை. கனம் குறைந்திருந்தது. பிரித்துப் பார்த்தாள். ஒன்று முதல் ஆறு வரை இருந்தது. ஏழு இல்லை.

அவள் எழுந்து காலைப் பூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"சார், ஏழாம் நம்பர் கட்டு எங்கே?"

தேவநேசன் பேனாவைக் கீழே வைத்தார். "டிராயர்ல இருக்கு. இப்போதைக்கு வேண்டாம்னு எடுத்து வச்சேன்."

டிசம்பரில் ஒரு மாநாடு இருந்தது. துறைத் தலைவர் பேராசிரியர் மல்ஹோத்ரா, முடிவுகள் சுத்தமாக இருக்க வேண்டும், விதிவிலக்குகளைப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தேவநேசன் அதை அவளிடம் மறைக்கவில்லை. மறைக்காததே அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"ஆறுக்கு ஆறும் சரின்னு போடப் போறேளா?" என்றாள் ஜலஜா. கோபம் வந்தால் அவளுக்கு அலுவலகத்திலும் வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது, ஜலஜா. கால் மடங்கி நீளணும், அதுதான் நடைன்னு நான் ஒரு விதி எழுதியிருக்கேன். அந்த மெஷின் பாவம், நான் சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லுது. உங்க நடை அந்த விதிக்குள்ள வரல, அவ்வளவுதான்."

"அப்போ நேத்து சாயங்காலம் நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் எப்படிப் போனேன் சார்?"

தேவநேசன் டிராயரைத் திறந்து அந்தக் கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். தப்பு என்னுடையது, விதிதான் சரியில்லை என்றார். அந்த விதியை எடுத்துவிட்டால் வேறு எதை வைப்பது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். நடப்பவர்கள் எல்லாருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? கை வீசாமல் நடக்கிறவன் இருக்கிறான், கூன் போட்டு நடக்கிறவன் இருக்கிறான். ஒவ்வொருவருக்கும் ஒரு விதி எழுதிக்கொண்டு போனால் ஆயுசு போதாது.

அந்த வாரம் முழுவதும் அவர் மோவாயைத் தடவிக்கொண்டு வராந்தாவில் உலாத்தினார். ஜலஜா அவரைக் கவனித்துக்கொண்டே தன் வேலையைச் செய்தாள். கோபம் தணிந்திருந்தது. இந்த மனுஷர் ஒரு தவறைச் சொன்ன உடனே ஒப்புக்கொண்டார் என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. டில்லியில் அரசாங்க அலுவலகங்களில் பழகியவர்கள் வீட்டில் வளர்ந்தவள் அல்லவா.

வெள்ளிக்கிழமை, கார்டு படிக்கும் இயந்திரம் அவளுடைய கட்டில் நாலைந்து கார்டுகளை நசுக்கித் துப்பியது. அது அடிக்கடி நடப்பதுதான். நசுங்கிய கார்டுகளைப் புதிதாக அடிக்க உட்கார்ந்தாள். தன் நடையாகையால் இந்த முறை விரல் கொஞ்சம் மெதுவாகப் போயிற்று, மனசு எண்களைப் படித்தது. இரண்டாவது புள்ளி 310. எட்டாவது புள்ளி 350. ஐந்தாவது 330. அடுத்த கார்டு: 316, 366, ஐந்தாவது 341. அதற்கடுத்ததைக் கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அதிலும் அப்படியே. பக்கவாட்டு எண்தான் இப்படி என்று பார்த்தால் உயர எண்ணும் அப்படியே. ஐந்தாவது புள்ளி எப்போதும் இரண்டுக்கும் எட்டுக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில். எழுபத்திரண்டு கார்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றுகூட மாறவில்லை. மற்ற ஆறு பேரின் கட்டுகளில் இப்படி ஏதாவது மூன்று புள்ளிகள் ஒட்டிக்கொண்டு போகின்றனவா என்று தேடினாள். இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கார்டுகளை எடுத்துக்கொண்டு தேவநேசனிடம் போய் மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள்.

"சார், இந்த ரெண்டு, அஞ்சு, எட்டு, மூணும் ஒண்ணாவே போறது. அஞ்சு எப்பவும் மத்த ரெண்டுக்கும் நடுவுல. எல்லாக் கார்டுலயும்."

அவர் தன் ரகசியப் பட்டியலைப் பார்த்தார். இரண்டு இடுப்பு, ஐந்து முழங்கால், எட்டு கணுக்கால்.

"இது உங்க எடது காலு," என்றார் மெதுவாக.

"தெரியும் சார். பூட்டியிருக்கறது."

தேவநேசன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார், உட்காராமலே கார்டுகளைப் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தை இழுத்து வேகமாக ஏதோ எழுத ஆரம்பித்தார்.

"யாரு எப்படி நடந்தாலும் எலும்பு நீளுமா, குறுகுமா?" என்று கேட்டார். கேள்வி அவளிடமா, காகிதத்திடமா என்று தெரியவில்லை. "கால் மடங்கட்டும், மடங்காம இருக்கட்டும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் உள்ள தூரம் மாறாதுல்லா. நான் மெஷினுக்கு நடக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன், ஜலஜா. எந்தப் புள்ளி எதை விட்டுப் பிரியலன்னு மட்டும் கேட்டிருக்கணும்."

விஷயம் அவ்வளவுதான். ஒன்பது புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் முப்பத்தாறு ஜோடி. எந்த ஜோடிக்கு நடுவே உள்ள தூரம் எல்லாப் படத்திலும் மாறாமல் இருக்கிறதோ அது ஓர் எலும்பு. அந்த எலும்புகளைக் கோத்தால் உடம்பு; அந்த உடம்பு இடம்விட்டு இடம் போனால் நடை. கால் எப்படி மடங்க வேண்டும் என்று யாரும் கம்ப்யூட்டருக்குப் போதிக்க வேண்டாம். எழுதியதைச் சரிபார்க்க உதவ முடியுமா என்று தேவநேசன் கேட்டார். ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவர் எழுதும் வரிகளை நாலு வருஷமாக அடித்து அடித்து, எந்த வரி எதற்கு என்பது அவளுக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அந்த வாரத்தில் அது முக்கால்வாசி ஆயிற்று. ஜோடிகளை எண்ணும் இடத்தில் ஒரே ஜோடி இரண்டு தரம் வருகிறது என்று பிழை கண்டுபிடித்துச் சொன்னவளும் அவள்தான்.

புதிய நிரல் ஓடி, நீளமான தாள் அச்சாகி மடிந்து மடிந்து விழுந்தது. நட்சத்திரக் குறிகளால் கோடு போட்டு, முதல் ஆள் குச்சி மனிதனாக நின்றான். தலை, தோள், கை, இடுப்பு, மடங்கும் இரண்டு கால். இரண்டாம் ஆளும் அப்படியே. ஆறு பேரும் வந்துவிட்டார்கள். ஏழாவதாக ஜலஜா வந்தாள். மற்றவர்களைப் போலவே தலை, தோள், கை, வலது கால். இடது கால் மட்டும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே நீளக் குச்சி. அடியில் அச்சாகியிருந்தது: மனித உடல், நடை, ஒரு காலில் மடங்கும் மூட்டு இல்லை.

ஜலஜா அதை வெகுநேரம் பார்த்தாள். இரும்பு தெரியாது என்று நினைத்துத்தான் அவள் அந்த இருட்டு அறைக்குள் போயிருந்தாள். இரும்பைப் பார்க்காமலே கம்ப்யூட்டர் இரும்பைக் கண்டுகொண்டுவிட்டது. ஆனால் அவளுக்கு வருத்தம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தது, கூட ஒரு வார்த்தை இல்லை, குறைய ஒரு வார்த்தை இல்லை. இப்படி அவளை யாரும் பார்த்ததில்லை. தாளைத் தேவநேசனிடம் கொடுக்க மனமில்லாமல், இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

மாநாட்டுக்கு முன்னால் துறைக்குள் ஒரு கூட்டம் நடந்தது. தேவநேசன் ஏழு படங்களையும் காட்டினார். பேராசிரியர் மல்ஹோத்ரா கெட்டிக்காரர். முன்பு வேண்டாம் என்று சொன்ன ஏழாவதில்தான் விஷயமே இருக்கிறது என்பது அவருக்கு ஐந்தாவது நிமிஷமே விளங்கிவிட்டது. ஆனால் லேசில் விடுகிறவர் இல்லை. பல்பு துணியின் மேல்தானே கட்டியிருக்கிறது, துணி நகர்ந்தால் தூரம் மாறுமே, அப்போது எலும்பு என்று எப்படி நம்புவது என்று கேட்டார். தேவநேசன், இதை அடித்தவர் சொல்வார் என்று கடைசி வரிசையைக் காட்டினார்.

ஜலஜா எழுந்தாள். அறை அமைதியாக இருந்ததால் காலிப்பரின் பூட்டு விழும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவள் முகம் சூடாயிற்று. ஆனாலும் தெரிந்த கேள்வி. துணி நகர்வதால் வரும் மாற்றம் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போவதில்லை, எலும்பாக இல்லாத ஜோடிகளில் மாற்றம் நூற்றுக்குப் பத்துக்குக் குறைந்து தான் பார்த்ததில்லை, நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது என்று தன் இங்கிலீஷில் சொன்னாள். எத்தனை கார்டுகளைப் பார்த்தாய் என்று அவர் கேட்டார். முந்நூற்று அறுபதையும் என்றாள். மல்ஹோத்ரா தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். மாநாட்டுக் கட்டுரையில் இரண்டாவது பெயராக ஜலஜாவின் பெயரைத் தேவநேசன் எழுதிக் கொண்டுபோனபோது, ஆபரேட்டர் பெயர் போட வழக்கமில்லையே என்று மல்ஹோத்ரா கொஞ்சம் இழுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அச்சான கட்டுரை வீட்டுக்கு வந்தபோதுதான் அண்ணா வைத்திக்கு எல்லாம் தெரிந்தது. கறுப்புப் பைஜாமா உட்பட. ஒருநாள் முழுவதும் தங்கையிடமும் பேசவில்லை, மனைவியிடமும் பேசவில்லை. மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டில் மோருக்குக் கை நீட்டிக்கொண்டே, "அந்தக் குச்சி பொம்மை நீதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதற்கடுத்த வாரம் கட்டுரை காணாமல் போயிற்று. தேடியதில், அண்ணா அதை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்ப் பக்கத்து ஸெக்ஷன் வரைக்கும் காட்டிவிட்டு வந்திருந்தார்.

இதையெல்லாம்விட ஜலஜாவின் வாழ்க்கையில் பெரிய மாறுதல் கொண்டுவந்தது வேறொன்று. தேவநேசனின் மனைவி அல்போன்சா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், எலும்பு வைத்தியப் பிரிவில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பவர். கணவர் வீட்டில் பரப்பி வைத்திருந்த தாள்களில் ஏழாம் நம்பரைப் பார்த்துவிட்டு, கட்டுரையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், இந்தப் பெண்ணுக்கு முதுகு வலிக்குமே என்று கேட்டாராம். வலித்தது. ஏழெட்டு வருஷமாக வலித்துக்கொண்டிருந்தது. அதைக் காலோடு வந்த கூலி என்று நினைத்து ஜலஜா யாரிடமும் சொன்னதில்லை.

அல்போன்சா அவளை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து அந்தத் தாளை மேசையில் விரித்தார். இடது அடி ஒவ்வொன்றுக்கும் தோள் புள்ளி எத்தனை கட்டம் உயர்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். "பூட்டின காலு தரையில தட்டாம வரணும்னுதான் நீ இப்படி எம்புத. வலது செருப்புக்கு முக்கா இஞ்சு உயரம் வச்சா தானா எடம் கெடைச்சிரும். எம்பவே வேண்டாம் மக்களே." இத்தனை வருஷமாக எந்த டாக்டரும் ஏன் சொல்லவில்லை என்று ஜலஜா கேட்டாள். பரிசோதனை அறையில் நாலு அடி நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், எந்த நொடியில் எது எவ்வளவு உயர்கிறது என்று கண்ணால் அளக்க முடியாது என்றார் அல்போன்சா.

வலது செருப்பை உயர்த்திக்கொண்ட முதல் வாரம், உலகமே ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் இருந்தது. இரண்டு தரம் தடுமாறினாள். மூன்றாம் வாரம் பழகிவிட்டது. குளிர் காலத்தில் எப்போதும் அதிகமாகும் முதுகுவலி அந்த ஜனவரியில் பாதியாகக் குறைந்தது. மாலையில் பஸ் ஸ்டாப்புக்குப் போகும்போது, முன்பு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். இப்போது ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தோண்டிப் போட்டிருந்த மண்மேடுகளைச் சுற்றிக்கொண்டு ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தாள்.

அல்போன்சாவின் பிரிவில் இருந்த டாக்டர்கள் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? வாரத்துக்கு ஒரு நோயாளியை அனுப்பினால் இதேபோலப் படம் எடுத்து அளந்து தர முடியுமா என்று கடிதம் எழுதினார்கள். மல்ஹோத்ரா சம்மதித்தார். வியாழக்கிழமை மதியம் என்று முடிவாயிற்று. மையத்தில் உதவி நிரலாளர் பதவிக்குப் பரீட்சை வைத்தபோது ஜலஜா எழுதித் தேறினாள். கார்டு அடிக்கும் இயந்திரத்துக்கு வேறு ஒருவர் வந்தார். வியாழக்கிழமை ஆராய்ச்சியை அவளே பார்த்துக்கொண்டாள்.

1982 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, பழைய டில்லியிலிருந்து ஃபாத்திமா என்ற பத்து வயதுப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். இரண்டு காலிலும் காலிப்பர், இரண்டு கையிலும் ஊன்றுகட்டை. கட்டைகளை முன்னால் ஊன்றி, இரண்டு காலையும் சேர்த்து ஊஞ்சல் மாதிரி வீசிப் போட்டு, மின்னலாகப் போவாள். அவள் அம்மாதான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

அவளுடைய புள்ளிகளைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் குழம்பிப் போயிற்று. இரண்டு காலும் பிரியாமல் போவதால் ஒரே காலாகச் சேர்த்துவிட்டது. கையையும் அதோடு எங்கெங்கோ கோத்து, யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு குச்சிக் குவியலை அச்சடித்தது. அடுத்த வியாழக்கிழமை தேவநேசனும் ஜலஜாவும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எலும்பு நீளாது என்ற விதி இருக்கிறது, பிழையும் இல்லை. ஆனால் இந்தப் பெண் எதன் பலத்தில் நகர்கிறாள் என்பது படத்திலேயே இல்லை. தேவநேசன் பழையபடி மோவாயைத் தடவ ஆரம்பித்துவிட்டார். மறுபடி நடக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஃபாத்திமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். தன் மணிக்கட்டில் கட்டியிருந்த பல்பைத் தட்டிப் பார்த்தாள். கடைசியில் ஜலஜாவிடம், தீதி, என் கட்டைக்கெல்லாம் லைட் கிடையாதா என்று ஹிந்தியில் கேட்டாள்.

ஜலஜா தேவநேசனைப் பார்த்தாள். அவர் மோவாயிலிருந்து கையை எடுத்தார்.

"கட்டைக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு," என்றாள் ஜலஜா. "இன்னும் நாலு பல்பு வேணும் சார். கார்டுல இடம் போதாது, படத்துக்கு ரெண்டு கார்டா மாத்தணும்."

மாற்றிவிடலாம் என்றார் தேவநேசன். அலமாரியைத் திறந்து பல்பு இருக்கிற டப்பாவைத் தேடினார். ஃபாத்திமா ஒரு கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மற்றதைத் தானாகவே ஜலஜாவிடம் நீட்டினாள். ஜலஜா பூட்டை விடுவித்து நாற்காலியில் உட்கார்ந்து, கட்டையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, கறுப்பு நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள்.